அல் உலாவின் பாறை எழுத்துகள்: பாலைவனம் பார்க்கப் போகும் அண்ணனுக்கு

கண்டனூர் அண்ணன் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு இது பதில். ஜித்தாவில் வேலை பார்க்கும் அவருடைய மகன், மார்கழியில் பெற்றோரை வரவழைத்து அல் உலாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம், சித்தன்னவாசல் எனப் பாறையைக் குடைந்த வேலைகளைச் சிறு வயது முதல் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் பாலைவனத்தில் புதிதாக என்ன இருக்கிறது, அவ்வளவு தூரம் போவது தகுமா, போனால் எதை முதலில் பார்ப்பது, எத்தனை நாள் ஒதுக்குவது என்று அண்ணன் கேட்கிறார். அவருடைய மனைவியான ஆச்சிக்கு முழங்கால் வலி. அதோடு, பிணம் வைத்த இடத்துக்கு எதற்காகப் போக வேண்டும் என்ற தயக்கமும் அவர்களுக்கு இருக்கிறதாம்.

அவசியம் போய் வாருங்கள், அண்ணன். குடவரையும் கல்வெட்டும் பார்த்துப் பழகிய உங்கள் கண்தான் இந்தப் பயணத்துக்குப் பெரிய முதல். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர், பாறையில் குடைந்த கல்லறைகளின் உயர்ந்த முகப்புகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த முகப்புகள் பலவற்றில், வாசலுக்கு மேலே, இந்தக் கல்லறையை வெட்டுவித்தவர் யார், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் வெட்டுவித்தார், உள்ளே யார் யாரை வைக்கலாம், மீறினால் தண்டம் எவ்வளவு என்பதெல்லாம் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் கோயில் அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைக் குனிந்து பார்த்த பழக்கம் உள்ளவர்களுக்கு, அந்த எழுத்து தெரியாவிட்டாலும், அது எதற்காக அங்கே இருக்கிறது என்பது உடனே பிடிபட்டுவிடும். ஆகவே நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். முகப்புக்குக் கொடுக்கும் நேரத்தைவிட எழுத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். பார்க்கும் வரிசை, நேரம், கையில் எடுத்துப் போக வேண்டியவை எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்யலாம்.

அல் உலா, சவூதி அரேபியாவின் வடமேற்கில், மதீனாவுக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரு பக்கமும் செந்நிற மணற்கல் மலைகள் நிற்க, நடுவே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கில் பேரீச்சந்தோப்புகள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் மழை 100 மில்லிமீட்டரைத் தொடுவது அரிது. அங்கே ஊர் உண்டானதற்கு நிலத்தடி நீரே காரணம். தென் அரேபியாவிலிருந்து குந்திரிக்கம், வெள்ளைப்போளம் என்ற நறுமணப் பிசின்களை ஏற்றிக்கொண்டு வடக்கே காசா வரை, மத்தியதரைக் கடலோரம் வரை போன ஒட்டகச் சாத்துகள் (வணிகக் கூட்டங்கள்) தண்ணீருக்காக இந்தப் பள்ளத்தாக்கில் தங்கியே ஆக வேண்டியிருந்தது. தங்க வந்தவர்களிடம் சுங்கம் வாங்கியும் உணவும் காவலும் கொடுத்தும் அடுத்தடுத்து அரசுகள் செழித்தன. முதலில் ததான் அரசு, பின்பு லிஹ்யான் அரசு, அதன் பின் நபத்தேயர், கடைசியாக ரோமர். இவர்கள் விட்டுப் போனவை ஒன்றுக்கொன்று அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கின்றன. ததான் நகரின் இடிபாடுகளும் ஜபல் இக்மா என்ற எழுத்துப் பள்ளத்தாக்கும் ஊரை ஒட்டியே உள்ளன. ஹெக்ரா வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது. மதாயின் சாலிஹ் என்றும் அல் ஹிஜ்ர் என்றும் அழைக்கப்படும் ஹெக்ராதான், 2008-இல் சவூதி அரேபியாவிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற இடம்.

இரண்டு முழு நாள் வேண்டும். முதல் நாள் காலையில் ஜபல் இக்மா, அதை முடித்துக்கொண்டு ததான், இரண்டாம் நாள் ஹெக்ரா என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நேராக ஹெக்ராவுக்கே ஓடுவார்கள், உங்கள் மகனும் அப்படித்தான் திட்டமிட்டிருப்பார். அந்தப் பெரிய முகப்புகளைப் பார்த்துவிட்ட கண்ணுக்குப் பின்னால் ஜபல் இக்மாவின் சிறிய எழுத்துகள் எடுபடாது. காலத்தாலும் முந்தியவை இக்மாவும் ததானும்தான். முன்னதை முதலில் பார்த்தால், பின்னால் வந்தவர்கள் எதைத் தொடர்ந்தார்கள், எதைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள் என்பது தானாகத் தெரியும்.

ஜபல் இக்மா ஒரு குறுகலான மலை இடுக்கு. அதன் இரு பக்கப் பாறைகளிலும் சுமார் 300 கல்வெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ததானிய எழுத்தில், கி.மு. முதலாயிரத்தாண்டின் பிற்பாதியில் வெட்டப்பட்டவை. 2023-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வரிகள் வலமிருந்து இடமாக ஓடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே சிறு செங்குத்துக் கோடு ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால், மொழி தெரியாமலே ஒரு வரியில் எத்தனை சொல் என்று எண்ணிவிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பக்கத்தில் எழுத்தைக் கல்லுக்குள் குழித்து வெட்டுவதே வழக்கம். இக்மாவில் பலவற்றில் எழுத்தைச் சுற்றியுள்ள பாறையைச் செதுக்கி எடுத்துவிட்டு, எழுத்து மேலே துருத்தி நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதற்கு வேலை பல மடங்கு அதிகம், கூலியும் அதற்கேற்றபடிதான் ஆகியிருக்கும். வசதி உள்ளவர் வெட்டுவித்ததும், வழிப்போக்கர் கையில் கிடைத்த கல்லால் கீறிவிட்டுப் போனதும் பக்கத்துப் பக்கத்துப் பாறையில் இருக்கின்றன.

அவற்றில் எழுதியிருப்பது என்ன என்றால், பெரும்பாலும் வேண்டுதலும் காணிக்கையும்தான். து காபத் என்ற தெய்வத்துக்கு இன்னார் மகன் இன்னார், தன் பேரீச்ச மரங்களுக்காகவும் மழைப் பயிருக்காகவும் சடங்கு செய்தார், அவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் தெய்வம் அருள்க என்ற பாங்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மழை இல்லாத ஊரில் மழைப் பயிருக்காக வேண்டி மலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வானம் பார்த்த பூமியில், கண்மாய் பெருக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாழ்ந்த சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே வழிகாட்டிகளை ராவி என்பார்கள். பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களும் பெண்களுமாக இருப்பார்கள், ஆங்கிலமும் பேசுவார்கள். மகனை விட்டு, ஒரே ஒரு கல்வெட்டையாவது முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படித்துக் காட்டும்படி கேட்கச் சொல்லுங்கள். பொதுவான கதையாக நூறு கல்வெட்டைப் பற்றிக் கேட்பதைவிட, ஒன்றை முழுவதுமாகப் படிக்கக் கேட்பது மனத்தில் நிற்கும்.

ததானில் இடிபாடுகள் தரையோடு தரையாகத்தான் கிடக்கின்றன. கோயில் இருந்த இடம், பாறையில் குடைந்த பெரிய வட்டத் தொட்டி, அகழ்ந்த குழிகள் என்று பார்த்துவிட்டு மலை முகத்தை நிமிர்ந்து பாருங்கள். ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையில், சதுர வாயில் வாயிலாகக் கல்லறைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு ஜோடிக்கு இரு பக்கமும் சிங்கங்கள் காவல் இருக்கின்றன. மேலே ஏற அனுமதி இல்லை, கீழிருந்தே பார்க்க வேண்டும். ஆதலால் ஒரு பைனாகுலரை மறக்காமல் எடுத்துப் போங்கள். வெறுங்கண்ணுக்குச் சிங்கம் ஒரு புடைப்பாகத்தான் தெரியும். பைனாகுலரில் பார்த்தால் நேர் நோக்கிய முகமும் பிளந்த வாயும் துலங்கும்.

செட்டிநாட்டுக்காரர் ததானில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. தெற்கே யேமனில் மஈன் என்றொரு அரசு இருந்தது. அந்த நாட்டு வணிகர்கள், வாசனைப் பொருள் வணிகத்துக்காகவே ததானில் குடியேறி, தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய தென் அரேபிய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இங்கே கிடைத்திருக்கின்றன. சொந்த ஊரிலிருந்து பல நூறு காதம் தள்ளி வந்து, அயல் மன்னனின் நிழலில் கணக்கு வழக்குப் பார்த்து, சொந்தத் தெய்வத்தையும் எழுத்தையும் விடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க (வணிகம் செய்ய)ப் போய், கிட்டங்கியில் தங்கி, போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிய நம் பாட்டன்மாரின் வாழ்வை அறிந்தவர்கள் இந்த மஈன் வணிகர்களை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி ஹெக்ரா. நபத்தேயரின் தலைநகரம் இன்றைய ஜோர்டானில் உள்ள பெட்ரா. அவர்களுடைய தெற்கத்திப் பெருநகரம் ஹெக்ரா. இங்கே 111 பெருங்கல்லறைகள் இருக்கின்றன, அவற்றில் 94 அலங்கார முகப்பு உடையவை. பெட்ராவை ஒப்பிட இங்கே கூட்டம் குறைவு, முகப்புகளும் சிதையாமல் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ராவில் மிக அரிதான ஒன்று இங்கே நிறையக் கிடைக்கிறது. கல்லறைக் கல்வெட்டுகளில் தேதி இருக்கிறது. கி.மு. 1 தொடங்கி கி.பி. 75 வரையிலான முக்கால் நூற்றாண்டுக்குள் அவை அடங்கும். நான்காம் அரேத்தாஸ், இரண்டாம் மாலிக்கஸ், இரண்டாம் ரப்பேல் ஆகிய மூன்று மன்னர்களின் ஆட்சியாண்டுகள் அவற்றில் வருகின்றன. அரேத்தாஸின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் “தன் மக்களை நேசிப்பவன்” என்ற பட்டமும் கூடவே வரும். நம் சோழர் கல்வெட்டுகள் அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியோடு தொடங்குவது போன்ற மரபு, அளவில் மட்டும் மிகச் சிறியது. கி.பி. 106-இல் ரோமப் பேரரசன் டிராஜன் நபத்தேய நாட்டைச் சேர்த்துக்கொண்ட பிறகு அந்தப் பெரும்போக்கான கல்லறை வேலை ஓய்ந்துவிட்டது.

முதலில் பார்க்க வேண்டியது கஸ்ர் அல் ஃபரீத். சமவெளியில் தனியே நிற்கும் ஒரே பாறையில், 20 மீட்டருக்கும் மேலான உயரத்தில் வெட்டிய முகப்பு அது. குஸா மகன் லிஹ்யான் என்பவருக்கு உரியது என்று அதில் பெயர் வெட்டியிருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலும் இரண்டு அரைத்தூண்கள்தான் இருக்கும், இதில் நான்கு. எல்லோரும் எடுக்கும் படம் இதுதான், எல்லோரும் நிற்பதும் தூரத்தில்தான். நீங்கள் அடிப்பகுதிக்கு அருகில் போய்ப் பாருங்கள். மேல் பாதி வழவழப்பாக இழைக்கப்பட்டிருக்கும். கீழே வர வர இழைப்பு குறைந்து, உளி சாய்வாக இறங்கிய வரிகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரிசை வரிசையாகத் தெரியும். தூண்களின் அடி, பாறையிலிருந்து இன்னும் பிரியாமலே நிற்கும். வேலை பாதியில் நின்றுபோயிருக்கிறது. அதனால்தான் வேலை நடந்த முறை நமக்குத் தெரிகிறது. மலையின் மேலே நிற்க ஒரு படி வெட்டிக்கொண்டு, அங்கிருந்து கீழ்நோக்கி முடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். சாரம் வேண்டாம், மேலிருந்து விழும் கல் முடித்த வேலையைக் கெடுக்காது. நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலும் இதே முறையில் மேலிருந்து வெட்டி வந்து, அடிப்பகுதி முடியாமல் நின்றுபோன பாண்டியர் வேலைதான். அது எட்டாம் நூற்றாண்டு, இது முதல் நூற்றாண்டு. அண்ணன் கழுகுமலையைப் பார்க்காமல் இருந்தால், புறப்படும் முன் ஒரு நாள் போய்வருவது நல்லது. இரண்டையும் சில வாரங்களுக்குள் பார்த்தவருக்குக் கிடைக்கும் தெளிவு, புத்தகத்தில் படித்து வராது.

கல்லின் தன்மை மட்டும் முற்றிலும் வேறு. பிள்ளையார்பட்டியிலும் திருமயத்திலும் கருங்கல். ஹெக்ராவில் மணற்கல், உளிக்கு எளிதில் வளைந்து கொடுக்கும். ஆகையால்தான் சில பத்தாண்டுகளில் இத்தனை பெரிய முகப்புகளை வெட்ட முடிந்தது. வேலை எளிது என்பதற்கு ஈடாக, காற்று அரிப்பும் எளிது. மணலை வாரி அடிக்கும் காற்றும், அடியிலிருந்து ஏறும் உப்பு ஈரமும் சேர்ந்து, பல முகப்புகளின் கீழ்ப்பகுதியைத் தேன்கூடு போல அரித்துவிட்டன. தொடவே கூடாது என்று அங்கே கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். விரல் பட்டாலே மணல் உதிரும் இடங்கள் இருக்கின்றன.

முகப்பின் அமைப்பை மேலிருந்து கீழாகப் படியுங்கள். உச்சியில் இரு பக்கமும் ஐந்து ஐந்து படிகளாக ஏறும் வடிவம் மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்தது. அதன் கீழ் வளைந்து வெளிவரும் கபோதம் போன்ற விளிம்பு எகிப்தியம். வாசலுக்கு மேல் முக்கோண நெற்றி கிரேக்கம். தூணின் தலை நபத்தேயருக்கே உரியது. நாலா திசைக்கும் சரக்கு ஏற்றிப் போனவர்கள் நாலா திசையின் கட்டடக் கலையையும் ஏற்றி வந்திருக்கிறார்கள். வாசலுக்கு மேல் கழுகு, பாம்பு சுருண்ட முகம், சிறகு முளைத்த விலங்கு, பூ வட்டம் என்று காவல் உருவங்கள் இருக்கும். கழுகுகளில் பலவற்றின் தலை உடைக்கப்பட்டிருக்கிறது. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் ஒரே முகப்புக்குள் இணங்கிப் போன வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கலப்பு வியப்பாக இராது.

வாசலுக்கும் முக்கோணத்துக்கும் அருகே செவ்வகமாக இழைத்த ஒரு பலகைப் பரப்பு தெரியும். சிலவற்றில் அது எழுதப்படாமல் வெறுமையாகவே நின்றுவிட்டது. எழுதியவற்றில் ஒன்றையாவது பொருளோடு கேட்டு அறியுங்கள். கம்கம் என்ற பெண் வெட்டுவித்த கல்லறைக் கல்வெட்டு மிகப் புகழ்பெற்றது. ஹராமின் மகள் வாயிலத், அவள் மகள் கம்கம், கம்கம் மகள் குலைபத் என்று பெண்வழியாகவே அதில் வம்சம் சொல்லப்படுகிறது. தானும் தன் மகளும் தங்கள் சந்ததிக்காக வெட்டுவித்தது, அரேத்தாஸின் ஒன்பதாம் ஆண்டு என்று தேதி வருகிறது. அதற்குப் பின் எச்சரிக்கை. இந்தக் கல்லறையை விற்பவரையும், வாங்குபவரையும், அடமானம் வைப்பவரையும், தானமாகக் கொடுப்பவரையும், எழுதியுள்ளவர் அல்லாத பிறரை உள்ளே அடக்கம் செய்பவரையும் துஷாரா, அல்லாத், மனாத்து ஆகிய தெய்வங்கள் சபிக்கட்டும் என்பதோடு, அரேத்தாஸ் காசில் 1,000 செலா தண்டமும் விதிக்கப்படுகிறது. “கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்” என்று நம் கோயில் கல்வெட்டுகள் முடிவதை அறிந்தவர்களுக்கு இது எத்தனை பழக்கமான நடை! நம் கல்வெட்டில் பெரும்பாலும் பாவத்தோடு விட்டுவிடுவார்கள். நபத்தேயர் பாவத்தோடு ரொக்கத்தையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். இன்னொரு கல்லறைக் கல்வெட்டு, இதன் படி ஒன்று கைஷா கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது என்றே சொல்கிறது. ஆகக் கல்லில் வெட்டியது ஊரறியக் காட்டுவதற்கு, கோயிலில் வைத்தது வழக்கு வந்தால் எடுத்துப் பார்ப்பதற்கு.

பல கல்வெட்டுகளின் கடைசியில் கல்தச்சரின் பெயரும் இருக்கிறது. அஃப்தா என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட முகப்புகளில் வருகிறது. பிள்ளையார்பட்டிக் குடவரையில், கற்பக விநாயகர் இருக்கும் அந்தக் குகைக்குள்ளேயே, பெருந்தசன் என்று தச்சர் பெயர் பழைய எழுத்தில் வெட்டியிருப்பதை அண்ணன் பார்த்திருக்கலாம். வெட்டுவித்தவர் பெயர் எங்கும் நிற்கும், வெட்டியவர் பெயர் நிற்பது அபூர்வம். ஹெக்ராவில் அது நிறைய இருக்கிறது என்பதே எனக்கு அந்த ஊரின் மேல் பெரிய மதிப்பு உண்டாகக் காரணம்.

பெண்கள் சொந்தப் பெயரில் கல்லறை வெட்டுவித்தது கம்கமோடு நிற்கவில்லை. வஹ்பு மகள் ஹினத், கி.பி. 60-61 அளவில் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் வழித்தோன்றல்களுக்கும் என்று எழுதி வைத்தாள். அந்தக் கல்லறையை அகழ்ந்து, அங்கே கிடைத்த ஒரு மண்டையோட்டைக் கொண்டு ஒரு நபத்தேயப் பெண்ணின் முகத்தை மீட்டுருவாக்கி, 2023-இல் ஹெக்ராவில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அவளுக்கும் ஹினத் என்றே பெயரிட்டார்கள். ஆச்சி அவசியம் பார்க்க வேண்டியது அது.

ஆச்சியின் தயக்கத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கல்லறைகளுக்குள் யாரையும் விடுவதில்லை. பார்ப்பதெல்லாம் வெளி முகப்புதான். உள்ளே அலங்காரம் எதுவும் கிடையாது. வெறும் அறை, சுவரில் உடலை வைக்கும் மாடங்கள், அவ்வளவே. அவையும் பல நூற்றாண்டுகளாகக் காலியாகிக் கிடந்தவை. எஞ்சிய எலும்பும் துணியும் தோலும் அகழ்வாய்வாளர் கைக்குப் போய்விட்டன. அரசரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய பள்ளிப்படைக் கோயிலில் விளக்கேற்றி வணங்கும் மரபு நமக்கும் உண்டு என்பதை ஆச்சிக்கு நினைவூட்டுங்கள். இதற்குப் பின்னும் மனம் ஒப்பவில்லை என்றால், வற்புறுத்த வேண்டாம். இக்மாவிலும் ததானிலும் பழைய ஊரிலும் அவர்கள் பார்க்க வேண்டியது ஏராளமாக இருக்கிறது.

வேறு ஒரு தயக்கத்தையும் நீங்கள் மதிக்க வேண்டியிருக்கும். அல் ஹிஜ்ர், இறைத்தூதர் சாலிஹின் சொல்லைக் கேளாமல் அழிந்த தமூது மக்களின் ஊர் என்று குர்ஆன் கூறுகிறது. கி.பி. 630-இல் தபூக் படையெடுப்பின்போது அவ்வழியே போன நபிகள் நாயகம், அங்கே தங்காமலும் அந்தக் கிணற்று நீரைக் குடிக்காமலும் அழுத மனத்தோடு விரைந்து கடக்கும்படி தோழர்களுக்குச் சொன்னார் என்பது இஸ்லாமிய மரபு. ஆகவே உங்களோடு வரும் ஓட்டுநரோ, மகனின் நண்பர்களோ உள்ளே வர விரும்பாமல் வெளியே காத்திருக்கலாம். ஏன் என்று துருவிக் கேட்காமல் விட்டுவிடுவதே மரியாதை.

ஹெக்ராவுக்குள்ளேயே ஜபல் இத்லிப் என்ற மலைக்கூட்டம் இருக்கிறது. நபத்தேயர் வழிபாடு செய்த இடம் அது. இரு மலைகளுக்கு நடுவே குறுகலான ஒரு சந்து, அதன் வாயிலில் மூன்று பக்கமும் அமர்வதற்குத் திண்ணை விட்டுக் குடைந்த திவான் என்ற கூடம், சந்து நெடுகச் சுவரில் சிறு மாடங்கள். மாடங்களில் உருவம் இராது, முகமில்லாத நீள்சதுரக் கல்தான் தெய்வம். சிலவற்றுக்கு இரண்டு கண் மட்டும் குறித்திருப்பார்கள். சந்து நிழலாகவே இருப்பதால், வெயில் ஏறிய நேரத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். கிணறுகள் நூற்றுக்கும் மேல், பல பாறையிலேயே தோண்டியவை. அவற்றைக் கொண்டு பேரீச்சையும் தானியமும் பயிரிட்டதோடு, பருத்தியும் விளைவித்திருக்கிறார்கள் என்பதற்குக் கருகிய பருத்தி விதைகள் சான்றாகக் கிடைத்துள்ளன. பருத்தி அங்கே போனது நம் துணைக்கண்டத்திலிருந்துதான் என்று எண்ணவே இடம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஓமானில் குந்திரிக்கம் ஏற்றிய கோர் ரோரித் துறைமுகத்திலும், எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான குசெய்ர் அல் கதீமிலும் பெரெனிகேயிலும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குசெய்ரில் கிடைத்த ஓட்டில் “பானை ஒறி” (பானை வைக்கும் உறி) என்றே படிக்க முடிந்தது. நம்மவர் அந்தக் கடல்வழியில் புழங்கினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கொண்டு, ஹெக்ராவிலும் தமிழர் வாழ்ந்தார்கள் என்று பேசத் தொடங்கினால் சான்றைத் தாண்டிப் போகிறோம். துறைமுகத்தில் கிடைத்தது துறைமுகத்துக்கே சான்று.

கல்வெட்டு தவிர, பாறையில் கொத்திய உருவங்களும் வழியெல்லாம் கண்ணில் படும். ஒட்டகம், மலையாடு, நெருப்புக்கோழி, நீண்ட கொம்புள்ள மாடு, குதிரை மேல் ஈட்டி ஏந்தியவன். நம் சிவகங்கைத் திருமலையிலும் சித்தன்னவாசலிலும் பார்ப்பவை வண்ணம் தீட்டியவை. அங்கே வண்ணம் கிடையாது. பாலைவனப் பாறையின் மேல், மாங்கனீசும் இரும்பும் கலந்த கரும்படலம் பல ஆயிரம் ஆண்டுகளாக மெல்லப் படிகிறது. அதைக் கல்லால் கொத்திப் பெயர்த்தால் அடியிலுள்ள வெளிர்நிறம் தெரியும், அதுவே கோடு. கொத்திய இடத்திலும் மறுபடி படலம் ஏறத் தொடங்கும். ஆகையால் ஒரே பாறையில் மங்கிக் கறுத்த மாடும், பளிச்சென்ற ஒட்டகமும் இருந்தால், மாடுதான் முந்தியது. மாடு மேய்ந்த காலத்தில் அங்கே புல் இருந்தது என்பதையும் அந்தப் பாறையே சொல்லிவிடுகிறது. இதில் மனம் ஈடுபட்டால், ஹாயில் வட்டாரத்து ஜுப்பாவும் ஷுவைமிஸும் தனியாக ஒரு பயணத்துக்கு உரியவை. 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை அவை. இந்த முறை அவற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளாதீர்கள். கோடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பதும், சுண்ணாம்புக்கட்டியால் வரைவதும் அந்தப் படலத்தைக் கெடுக்கும். சட்டப்படி குற்றமும் ஆகும். எழுத்தும் கோடும் நன்றாகத் தெரிய வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். காலை ஏழரை ஒன்பதுக்குள், அல்லது மாலை நான்குக்கு மேல். உச்சி வெயிலில் ஆழமான வெட்டும் தட்டையாகத் தெரியும்.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெக்ராவுக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள். முன்கூட்டியே இணையத்தில் சீட்டு எடுத்து, அவர்கள் ஏற்பாடு செய்யும் பேருந்திலோ வண்டியிலோ, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கூட்டம் அதிகம் என்பதால் தேதி முடிவானதும் சீட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள். பேருந்து ஒவ்வொரு மலையின் அருகிலும் நின்று நின்று போகும். ஆச்சி எல்லா இடத்திலும் இறங்க வேண்டியதில்லை. கஸ்ர் அல் ஃபரீத், பெண்களின் கல்லறைகள் இருக்கும் மலை, ஜபல் இத்லிப் ஆகிய மூன்றில் மட்டும் இறங்கினால் போதும். நடை மணலில் என்பதால் மிதியடி உதவாது, குதிகால் மூடிய, அடி தட்டையான காலணி வேண்டும். கைத்தடி கொண்டுபோகட்டும். பகலில் வெயில் இதமாக இருந்தாலும், இரவில் பத்து டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் நாட்கள் உண்டு. கொடைக்கானலுக்கு எடுத்துப் போகும் கம்பளி ஆடை இருந்தால் எடுத்து வையுங்கள்.

ஜித்தாவிலிருந்து காரில் ஒரே மூச்சில் போவது உங்கள் இருவரின் வயதுக்கு நல்லதல்ல. அல் உலாவுக்கே விமான நிலையம் இருக்கிறது, உள்நாட்டு விமானம் கிடைத்தால் அதுவே மேல். காரில்தான் என்றால், மதீனாவை அடுத்து எங்காவது இரவு தங்கிப் போங்கள். மதீனாவில் நபிகள் நாயகத்தின் பள்ளிவாசலைச் சுற்றிய புனித எல்லைக்குள் முஸ்லிம் அல்லாதவர் போகக் கூடாது. வழியில் அதற்கான அறிவிப்புப் பலகைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். தங்கும் விடுதி அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்று பதிவு செய்யும் முன்பே மகனைக் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.